பழைய சர்வர் தப்பித்த கதை

அன்புள்ள கதிரவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்ததில் மிக்க மகிழ்ச்சி, என் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்புக் குறை ஒன்று வெளியானால், பழைய பதிப்புகளுக்கெல்லாம் ஆபத்து, புதியவை பத்திரம் என்று உங்கள் மேலாளர் கோடு போட்டுவிடுகிறார் என்று எழுதியிருந்தாய். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2024 ஜூலையில் வெளிவந்த குறையை அவருக்குக் காட்டு. 2006-லேயே அடைத்த ஓட்டைதான் அது. 2020-இல் நிரலைத் திருத்தும்போது காவலுக்கு இருந்த ஒரு வரி தவறிப்போக, 8.5பி1 பதிப்பிலிருந்து மறுபடி திறந்துகொண்டது. விளைவு? லினக்ஸ் இயங்குதளங்களில், 8.4 வைத்திருந்த டெபியன் 11 தப்பித்தது, 9.2 வைத்திருந்த டெபியன் 12 மாட்டிக்கொண்டது. உபுண்டுவிலும் 20.04-க்கு ஒன்றுமில்லை, 22.04-க்குத்தான் ஆபத்து. ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் இந்தக் கணக்கிலேயே வராது. அவர்கள் 2001-இலேயே அதற்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

ஆகவே ஓட்டை எங்கே அடைபட்டது என்பதற்கு முன், எங்கே நுழைந்தது என்று பார்.

அடைபட்ட இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எச்சை உருவாக்குபவர்கள் 9.8பி1-இல் திருத்தினார்கள். டெபியன் 12 அந்தப் பதிப்புக்குத் தாவவில்லை. திருத்தத்தை மட்டும் எடுத்துத் தன் 9.2-இலேயே ஒட்டிக்கொண்டது. பதிப்பின் முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் படிக்கும் பாதுகாப்பு ஸ்கேனர் அப்போதும் சிவப்பைக் காட்டிக்கொண்டிருக்கும். நிறுவியிருக்கும் மென்பொருள் தொகுப்பின் எண்ணில் வாலைப் பார்: 'டெப்12யு3' அல்லது அதற்குப் பிந்தையது என்றால் கவலையில்லை. சந்தேகமிருந்தால் தொகுப்பின் மாற்றப் பதிவில் சிவிஇ-2024-6387 என்ற, இந்தக் குறையின் அடையாள எண்ணைத் தேடு. ஸ்கேனர் அறிக்கையை விட அந்த ஒரு வரியைத்தான் நான் நம்புவேன்.

இயங்குதளத்தின் மையமான கெர்னலில் குறை என்றால், நிறுவியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதே. மறுதொடக்கம் செய்யும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான்.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. நிறுவனங்களின் அறிவிப்புகளில் பெரும்பாலும் ஆதரவில் உள்ள பதிப்புகள் மட்டுமே இருக்கும். ஆதரவு முடிந்ததைப் பலர் சோதிப்பதே இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் பாதிப்பும் இல்லை என்று அதை வாசிக்கிறார்களே! நீ அனுப்பிய சர்வர் பட்டியலில் கடைசி மூன்றுக்கு எதிரே 'பாதிப்பில்லை' என்று எழுதியிருப்பது அப்படி வந்ததோ என்று எனக்கு ஐயம். அவற்றின் தொகுப்பு எண்களை வால்வரை முழுதாக எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
இளங்கோ