பன்னிரண்டா இருபதா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. "ஹன்டர் சேஃப்டி வகுப்பு முடிச்சிட்டேன்க்கா, துப்பாக்கி வாங்கப் போறேன். பன்னிரண்டா, இருபதா?" என்றாய். யோசித்து எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இங்கே மினசோட்டாவில் புதிதாகக் காட்டுக்கு வர ஆசைப்படும் நம் பிள்ளைகள் நாலைந்து பேரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

பதினாறு வாங்குடா.

நீ போய்ப் பார்க்கும் கடையில் 12-க்கு ஒரு சுவர் முழுக்க இருக்கும். 20-க்கு அரைச் சுவர். 16 கேஜ் என்று கேட்டால், பழைய சாமான் பக்கம் கை காட்டுவார்கள். அதைப் பார்த்துத் தயங்காதே. எழுபது எண்பது வருடத்துக்கு முன் இந்த நாட்டில் கோழி, காடை வேட்டைக்குப் போன ஆட்கள் பலர் கையிலும் இருந்தது இதுதான்.

முதலில் அந்த எண் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் "12 போர்" என்போமே, அதே கணக்குதான். இங்கே கேஜ் என்கிறார்கள். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக உருண்டை பிடித்தால், குழலுக்குள் சரியாக நுழையும் உருண்டை எத்தனை வரும்? பன்னிரண்டு வந்தால் 12 கேஜ், இருபது வந்தால் 20 கேஜ். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 12-க்கு உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், 16-க்கு 16.8, 20-க்கு 15.6.

இப்போது 16-ஐ மட்டும் பார். பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஆக, அதன் உருண்டை ஒன்று சரியாக ஒரு அவுன்ஸ், 28 கிராம் சொச்சம். அந்தத் துப்பாக்கிக்குக் காலம் காலமாகப் போடும் தோட்டாவிலும் ஒரு அவுன்ஸ் ஈயம்தான். தோட்டாவுக்குள் அந்தச் சின்னக் குண்டுகள், ஊரில் பால்ரஸ் என்போமே அவை, அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும்படி உட்காரும். "சதுரத் தோட்டா" என்று பழைய ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; உயரம் கொஞ்சம் கூடத்தான் வருகிறது. ஆனாலும் அதே ஒரு அவுன்ஸை 20-க்குள் திணித்தால் நெட்டையாக நிற்கும். வெடிக்கும்போது அடியிலிருக்கும் குண்டுகள் மேலே உள்ளதன் பாரத்தில் நசுங்கும், நசுங்கின குண்டு நேராகப் போகாது. 16-ல் அந்த நெருக்கம் குறைவு.

எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. தோட்டாவில் இருக்கும் ஈயத்தைப் போல் 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துத் துப்பாக்கிக்காரர்களின் பழைய விதி. அதற்குக் குறைந்தால் தோளை இடிக்கும். ஒரு அவுன்ஸுக்கு 96 அவுன்ஸ், அதாவது ஆறு பவுண்டு. நல்ல 16 அந்த ஆறு, ஆறரை பவுண்டுக்குள்தான் நிற்கும். சாதாரண 12 ஏழுக்கு மேல் போகும். அரைக் கிலோ வித்தியாசம் என்ன பெரிசு என்று தோன்றும்.

போன அக்டோபரில் ஒருநாள் நான் நடந்ததைச் சொல்கிறேன். டுலூத்துக்கு வடக்கே, காலை எட்டு மணிக்கு இறங்கி, இருட்டுமுன் வண்டிக்குத் திரும்பினேன். பதினோரு மைல் இருக்கும். துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கியது மூன்று தடவை. சுட்டது இரண்டு தடவை. பைக்குள் வந்தது ஒரு க்ரௌஸ், இங்கத்திக் காட்டுக்கோழி. மீதி நேரமெல்லாம் துப்பாக்கி என் கையில் சும்மா கிடந்து, ஆஸ்பென் மரக் கன்றுகளுக்கு நடுவே என்னோடு நடந்து வந்தது. அரைக் கிலோ என்ன என்பது மத்தியானம் மூன்று மணிக்கு முன்கைக்குத் தெரியும். கை தளர்ந்தால் பறவை எழும் நேரத்தில் குழல் தாமதமாக ஏறும். அவ்வளவுதான், பறவை போய்விடும்.

ரஃப்டு க்ரௌஸ் எழுவதை நீ இன்னும் பார்க்கவில்லை. நம் கவுதாரியைவிடப் பெரிசு, அரைக் கிலோவுக்கு மேலேயே இருக்கும். வெட்டிவிட்ட காட்டில் புதிதாக நெருக்கி வளர்ந்த ஆஸ்பென்தான் அதற்கு வீடு. நீ நிற்காமல் நடந்தால் உன்னைப் போகவிட்டு அது சும்மா உட்கார்ந்திருக்கும். இருபது முப்பது அடி நடந்து, நின்று, மூச்சு விட்டுப் பார். அந்த நிற்றல் அதற்குப் பொறுக்காது. காலடியில் யாரோ ஜமுக்காளத்தை உதறினாற்போல ஒரு சத்தம், பழுப்பாக ஒரு கீற்று, உடனே ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விடும். உனக்குக் கிடைப்பது இரண்டு விநாடி, இருபது கெஜத் தூரம். அந்தத் தூரத்துக்கு ஏழரை நம்பர் என்ற பொடிக் குண்டு ஒரு அவுன்ஸில் 350 வரும். அது தாராளமாகப் போதும். 12-ல் ஒன்றேகால் அவுன்ஸ் போட்டு அடித்தால் பறவை கந்தலாகத்தான் கிடைக்கும்.

எனக்கு இந்தப் பதினாறைக் கையில் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் வருஷம், உன் அத்தான் ஊருக்குப் போயிருந்த நேரம், "சும்மா கூட நடந்து வா" என்று காட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் வைத்திருந்தது இதாகா 37 என்ற 16 கேஜ் துப்பாக்கி. 1937-ல் வந்த மாடல், அதனால் அந்தப் பெயர். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா பக்கவாட்டில் பறக்காது, அடியில் இருக்கும் வாய் வழியாகக் காலடியில் விழும். வலக்கை, இடக்கை இருவருக்கும் சரிப்படும். நான் இடக்கை என்பது உனக்குத் தெரியுமே. கட்டையில் பெரியவர் பிடிக்கும் இடம் மட்டும் மெருகு போய் வெளிறியிருக்கும். என் கையைச் சரியாக அதே இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, "பூனையைத் தூக்குற மாதிரி பிடி" என்றார். எதையாவது காட்டச் சுட்டுவிரலை நீட்டினால் அது எப்படித் தானாக நேரே போகிறதோ, அப்படிப் போனது அந்தக் குழல். அவர் போனபின் அவருடைய மகள் அதை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

இவ்வளவு நல்லது ஏன் ஓரமாகப் போனது என்று நீ கேட்பாய். அந்தக் கதை எனக்கு மனசுக்கு ஆறவே ஆறாது. 1920-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் சார்லஸ் டேவிஸ் என்று ஒரு க்ரௌஸ் வேட்டைக்காரர். சீசன் இல்லாத நாளில் பழகுவதற்காக, களிமண் தட்டை எறிந்து, வட்டமாக நின்று சுடும் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். பக்கத்து நிலத்தில் கோழிப் பண்ணை வந்ததும் வட்டத்தைப் பாதியாக்கினார்கள். வில்லியம் ஹார்ண்டன் ஃபாஸ்டர் அதை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். 1926-ல் ஒரு போட்டி வைத்து அதற்கு ஸ்கீட் என்று பெயரும் வந்தது. க்ரௌஸுக்காகவே பிறந்த விளையாட்டு. ஆனால் போட்டிப் பிரிவுகள் பிரித்தபோது 12, 20, 28, .410 என்று வைத்தார்கள். 16-க்குத் தனி இடம் கிடைக்கவில்லை. பிறகு 1950-களில் 20-க்கு மூன்று அங்குலத் தோட்டா வந்தது. 16 செய்கிற வேலையை இதுவும் செய்யும் என்று விற்றார்கள். 1991-க்குள் நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈயம் கூடாது என்றானதும், எஃகுக் குண்டுக்கு இடம் வேண்டும் என்று 12-க்கும் பெரிய தோட்டாவுக்கும் கூட்டம் போனது. துப்பாக்கிக் கம்பெனிகளும் செலவு மிச்சம் பிடித்து, 12-க்குச் செய்த உடம்பிலேயே 16 குழலைப் பொருத்தின. 12-இன் எடை, 16-இன் தோட்டா. அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் "எதுக்கு இது?" என்று கேட்டது நியாயம்தான்.

ஆகவே வாங்கும்போது உடம்பைப் பார். ஏ.எச். ஃபாக்ஸ் இரட்டைக் குழலில் 16-ஐயும் 20-ஐயும் ஒரே சின்ன உடம்பில் கட்டினார்கள். அதனால்தான் அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். உன் சம்பளத்துக்கு அது இப்போது வேண்டாம். பிரௌனிங்கின் ஸ்வீட் சிக்ஸ்டீன் பழசும் உண்டு, 2016-ல் மறுபடி வந்த புதுசும் உண்டு. முதல் துப்பாக்கி என்றால் பழைய இதாகா 37 ஒன்றையே தேடு.

குழலுக்குள் தோட்டா உட்காரும் இடத்தை அறை என்பார்கள்; அதன் நீளத்தையும் பார்க்கச் சொல்கிறேன். இதில் நான் பட்டிருக்கிறேன். ஆறு வருஷம் முன்னால் ஒரு கடையில் ஜெர்மன் இரட்டைக் குழல் ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கினேன். இரண்டாம் உலகப்போர் முடிந்து சிப்பாய்கள் கொண்டுவந்த வகை, இந்த நாட்டில் நிறைய உண்டு. "எந்தப் பதினாறு தோட்டாவும் போடலாம்" என்றார் கடைக்காரர். போட்டேன். தோளில் விழுந்த இடி வழக்கத்துக்கு மேல் இருந்தது. மூன்றாவது தோட்டாவை எடுத்துப் பார்த்தால் அதன் வாய் பிசிர் பிசிராகக் கிழிந்திருந்தது. பிறகு ஒரு துப்பாக்கி மெக்கானிக் குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினார். வட்டத்துக்குள் 16, கீழே 65 என்று பொறித்திருந்தது. அறை 65 மில்லிமீட்டர். நான் போட்டது இப்போது எல்லாக் கடையிலும் விற்கும் 70. மடித்து மூடியிருக்கும் தோட்டா குட்டையாக இருப்பதால் உள்ளே சுகமாகப் போய்விடும். வெடித்து வாய் விரியும்போதுதான் இடம் போதாமல் முட்டி, அழுத்தம் ஏறும். பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளிலும் இந்தக் குட்டை அறை உண்டு. என் முகத்துக்கு ஒன்றும் ஆகாமல் போனது கடவுள் புண்ணியம். எதை வாங்கினாலும் அளந்து பார்க்காமல் ஒரு தோட்டாகூடப் போடாதே. பழைய குழலில் எஃகுக் குண்டும் வேண்டாம். ஃபெடரல் நீர்ப்பறவை நிலங்களில் ஃபெசன்ட் பறவை தேடிப் போனாலும் ஈயம் கூடாது. அங்கே ஈயத்துக்குப் பதில் பிஸ்மத் என்ற உலோகக் குண்டு வாங்கிக்கொள். விலை கூடத்தான்.

நீ இருப்பது சூ ஃபால்ஸ், உன் பறவை ஃபெசன்ட். சீனத்திலிருந்து கொண்டுவந்த பறவை. தெற்கு டகோட்டாவில் அதற்கு முதல் சீசன் 1919-ல். சேவல் மட்டும்தான் சுடலாம், நாளைக்கு மூன்று. புல்வெளியில் காற்றோடு எழுந்து போகும் சேவலுக்கு 16-ல் ஒன்றேகால் அவுன்ஸ் தோட்டா என்று தேடாதே. ஆறு நம்பர் குண்டில் ஒன்றும் எட்டில் ஒரு பங்கும் அவுன்ஸ் போதும். முப்பத்தைந்து கெஜம் வரை தைரியமாகச் சுடு. டிசம்பர் பனியில் தூரத்திலேயே எழும் கிழட்டுச் சேவலுக்கு 12 மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டாயா? நான் சொன்னபோது ஒரு வாரம் பேசவில்லை. நம் ஊரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி மேல் கை வைக்கக் கூடாது, அங்கே இருக்கும் நிலைமைக்கு அது சரிதான். இங்கே வேறு ஏற்பாடு. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, நீ வாங்கும் துப்பாக்கிக்கும் தோட்டாப் பெட்டிக்கும் கம்பெனி கட்டும் 11 சதவீத வரி காட்டு உயிர்களைப் பேணும் நிதிக்குப் போகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டது வேறு: "சாப்பிடுவியா, சும்மா கொல்றியா?"

அவளுக்காகவே ஒவ்வொரு பறவையையும் நானே சுத்தம் செய்கிறேன். போன அக்டோபர் க்ரௌஸின் கழுத்தடியில் தீனிப்பையைத் திறந்தால், க்ளோவர் செடியின் இலைகள் பறித்த பச்சை வாடாமல், சின்னதாகக் கத்தரித்தாற்போல் நிறைந்திருந்தன. நடுவே இரண்டு சிவப்புப் பழம். எந்தப் பாதையோரத்தில் மேய்ந்தது என்று அதிலேயே தெரிந்தது. நெஞ்சுக்கறி வெள்ளையாக இருக்கும். மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப் போட்டு, மூடாமல் வதக்கினால் போதும். குண்டு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெட்டு.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை கிளம்பி வா. செப்டம்பர் வந்துவிட்டால் 16 தோட்டா கடையில் தட்டுப்படாது. ஊதா நிறப் பெட்டி நான்கு உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவரின் துப்பாக்கியைக் களிமண் தட்டுக்கு ஒரு ஐம்பது தடவை சுட்டுப் பார். அதன் பிறகு எது வேண்டுமென்று நீயே சொல்லு. வரும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டை வாங்கி வா, இங்கே அந்த மாதிரி கண்ணில் படும் நிறம் இல்லாமல் க்ரௌஸ் வேட்டைக்குப் போகக் கூடாது.

அன்புடன்,
அக்கா