உன்னை நீ மன்னிப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

இறுதியாண்டு புராஜெக்ட்டில் உன் பங்கை உரிய நாளில் முடிக்காததால் குழுவிலிருந்த மற்ற மூவருக்கும் மதிப்பெண் குறைந்ததையும், அதற்குப் பிறகு நீ வகுப்புக்குப் போவதையே குறைத்துக்கொண்டதையும் நேற்று தொலைபேசியில் சொன்னாய். “என்னை என்னால மன்னிக்கவே முடியலம்மா” என்றும் சொன்னாய். கல்லூரியில் உளவியல் நடத்துபவளாகவும் உன் தாயாகவும் அதற்குப் பதில் எழுதுகிறேன்.

தவறு உன்னுடையதுதான்; அதை இல்லையென்று சொல்லி உன்னைத் தேற்ற நான் விரும்பவில்லை. பொறுப்பை ஏற்காமல் தன்னை மன்னித்துக்கொள்வது வெறும் சாக்குச் சொல்வதாகவே முடியும். ஆனால் நீ இப்போது சுமந்துகொண்டிருப்பது பொறுப்புணர்வுதானா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூன் டாங்னி, ‘நான் செய்தது தவறு’ என்னும் குற்றவுணர்வையும் ‘நானே மோசமானவள்’ என்னும் அவமானவுணர்வையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். முன்னது மன்னிப்புக் கேட்கவும் ஈடுசெய்யவும் தூண்டும்; பின்னது ஒளிந்துகொள்ளத் தூண்டும். நீ வகுப்பைத் தவிர்ப்பதும், தோழிகளின் அழைப்புகளை எடுக்காமல் இருப்பதும் பின்னதன் வேலை என்றே நினைக்கிறேன். மதிப்பெண்ணை வைத்தே பிள்ளைகளை எடைபோடும் நம் ஊரில், எதிலும் குறையே இருக்கக் கூடாது என்று வளரும் ஒரு பெண்ணுக்கு ஒரு பிழை தன்னைப் பற்றிய முழுத் தீர்ப்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அந்தத் தீர்ப்பை இரவெல்லாம் மனத்தில் அசைபோடுவதால் அது உறுதிப்படுமே தவிர, நடந்தது எதுவும் சரியாகாது.

தன்னை மன்னித்தால் அலட்சியம் வந்துவிடும் என்று நீ அஞ்சுகிறாய். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல் குழுவினர் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். மனக்கசப்பு தணிந்ததே அதற்கு வழிசெய்தது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். வேதனை தருவதைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. பாடப்புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் உன்னை நீயே வைதுகொண்டால், புத்தகமே வேதனையாகிவிடும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்விலும், கடினமான சொல்லறிவுத் தேர்வில் சறுக்கிய பின் தங்களிடம் பரிவோடு நடந்துகொள்ளத் தூண்டப்பட்ட மாணவர்களே மறுதேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.

ஆனால் உன் தவறு உன்னோடு நிற்கவில்லை. மூன்று பேரைப் பாதித்திருக்கிறது. அதனால் தனியே உட்கார்ந்து மனத்தைத் தேற்றிக்கொள்வது மட்டும் போதாது. கல்லூரி மாணவர்களை ஏழு வாரங்கள் தொடர்ந்து கவனித்த உளவியல் ஆய்வாளர்கள் ஹால், ஃபிஞ்சம் இருவரும், பாதிக்கப்பட்டவரிடம் சமாதானம் தேட முயல்வதோடு தன்னை மன்னிப்பதும் சேர்ந்தே வளர்வதை 2008-இல் எழுதினார்கள். எனவே மூவரையும் தனித்தனியே நேரில் பார். எந்த வேலையை, எதனால் முடிக்கவில்லை என்பதை மழுப்பாமல் சொல்; உடல்நிலையையோ லேப்டாப்பையோ காரணம் காட்டாதே. உங்கள் கைடிடம் போய், தாமதத்துக்கு நீ மட்டுமே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து, மற்றவர்களின் மதிப்பெண்ணை மறுபடி பார்க்க வழியுண்டா என்று கேள். வழியில்லாமலும் போகலாம். மூவரில் ஒருத்தி உன்னோடு பேச மறுக்கவும் கூடும். அது அவள் உரிமை, அவளை வற்புறுத்தாதே. ஆனாலும் செய்ய வேண்டியதை நீ செய்துவிட்டாய் என்பது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் உன்னைத் தண்டித்துக்கொண்டிருப்பதால் அவளுக்கு எந்த நன்மையும் இல்லை.

உறக்கமும் சாப்பாடும் கெட்டுப்போயிருக்கிறது என்றாயே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. கல்லூரி ஆலோசகரை இந்த வாரமே பார். இரவில் மனம் தாங்காவிட்டால் எந்த நேரமானாலும் என்னை எழுப்பு. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணிலும் இரவு பகல் பாராமல் தமிழில் பேசுவார்கள்.

அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீயே சொல்வதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா