ரிக்வுட் திடலைச் சாயவிடாமல் வைத்திருப்பவர்களுக்கு நன்றி

அமெரிக்காவின் அலபாமா மாநிலம் பர்மிங்காம் நகரில் ரிக்வுட் என்ற பழைய பேஸ்பால் திடலைப் பேணிவரும் எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஜூன் 20 அன்று அங்கே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் மோதின. கார்டினல்ஸ் 6-5 என்று வென்றது. அந்த வாரம் முழுக்க, பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் நிர்வாகத்துக்கும் நகராட்சிக்கும் பாராட்டு குவிந்தது. குவிந்ததில் தவறில்லை. ஆனால் பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதும் ஆடுதளம் பராமரிப்பதுமே வேலையாகக் கொண்ட எங்களுக்கு, பாராட்டுப் பட்டியலில் பேர் வராதவர்கள்தான் முதலில் தெரிகிறார்கள். அணியே இல்லாத ஆண்டுகளில் கூரை ஒழுகலை அடைத்தவர்கள், தூணடித் துருவைச் சுரண்டியவர்கள், புல் வரம்பைச் சீவியவர்கள். இந்த மடல் அவர்களுக்கு. மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறோம்.

கட்டியவரிடமிருந்தே தொடங்குகிறோம். ரிக் வுட்வர்ட் இரும்பாலைக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அணியின் பெயரே கோல் பாரன்ஸ், நிலக்கரிப் பிரபுக்கள். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் அருகருகே கிடைத்ததால் முளைத்த ஊர் பர்மிங்காம். பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கும் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும் 1909-இல் இரும்பாலும் கான்கிரீட்டாலும் எழுந்தபோது, மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஆடும் ஓர் அணிக்கும் அதே கட்டுமானம் வேண்டும் என்று முடிவெடுத்தார். ஆடுதளத்தை எப்படி அமைப்பது என்பதற்குப் பிலடெல்பியா அணியின் மேலாளர் கானி மேக்கிடம் யோசனை கேட்டார். 1910 ஆகஸ்ட் 18 அன்று மான்ட்கோமரி அணிக்கு எதிரான ஆட்டத்துடன் திடல் திறந்தது. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கைவிட இரண்டு ஆண்டும், சிகாகோவின் ரிக்லி ஃபீல்டைவிட நான்கு ஆண்டும் மூத்தது. அந்தக் காலத்து மரத் திடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பிடித்து அழிந்தன. ரிக்வுட் தப்பியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு அந்த இரும்புக்குத்தான். செலவைக் குறைக்க மரமே போதும் என்று அவர் நினைத்திருந்தால் இன்று செப்பனிட எதுவும் மிஞ்சியிருக்காது.

1928-இல் முன்வாயிலும் வெளிப்புறக் கான்கிரீட் மதிலும் வந்தன. அந்த மதில் இன்றும் நிற்கிறது. பிற்காலத்தில் ஆடும் எல்லையைச் சுருக்கி உள்ளே ஒரு வேலி போட்டார்கள், ஆனால் பழைய மதிலை இடிக்கவில்லை. 1948-இல் வால்ட் டிராப்போ என்ற மட்டையாளர் அடித்த பந்து போய் மோதிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. உள்வேலியையும் தாண்டி அதைப் பார்ப்பவருக்கு, அந்தக் காலத்து மட்டையாளர்கள் எவ்வளவு பெரிய வெளியில் ஆடினார்கள் என்பது விளக்கமில்லாமலே புரியும். இடித்திருந்தால் பராமரிப்புச் செலவு மிச்சமாகியிருக்கும். இடிக்காதவர்களுக்கு நன்றி.

கறுப்பின ஆட்டக்காரர்களின் பர்மிங்காம் பிளாக் பாரன்ஸ் அணிக்கு நன்றி சொல்லாமல் இந்தத் திடலைப் பற்றிப் பேசவே முடியாது. வெள்ளையர் அணியான பாரன்ஸ் வெளியூர் போன நாட்களில் இதே மண்ணில் ஆடியவர்கள் அவர்கள். சாட்செல் பெய்ஜ் 1927 முதல் 1930 வரை இந்த அணிக்குப் பந்தெறிந்தார். 1943, 1944, 1948 ஆகிய மூன்று ஆண்டுகளில் கறுப்பர் அணிகளுக்கான நீக்ரோ அமெரிக்கன் லீக் பட்டம் இவர்களுக்கே. 1948-இல் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வில்லி மேஸை, பின்னாளில் பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமானவரை, மேலாளர் பைப்பர் டேவிஸ் அணியில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு நடந்ததுதான் கடைசி நீக்ரோ உலகத் தொடர். ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் பிளாக் பாரன்ஸ் தோற்றது. வெள்ளையர் ஆட்டத்தைப் பார்க்க வந்த கறுப்பர்களுக்கு வலக்கோடி மரப்படிகளே இடம். பின்னாளில் நகரின் பாதுகாப்பு ஆணையராகக் கறுப்பர் உரிமைப் போராட்டக்காரர்கள்மீது நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவிய புல் கானர், முதலில் ஊருக்குத் தெரியவந்தது பாரன்ஸ் ஆட்டங்களை வானொலியில் வருணித்தவராக. இதையெல்லாம் வெள்ளையடித்து மறைக்காமல் பார்வையாளர்களுக்குச் சொல்லித் தரும் உங்களுக்கு வணக்கம். 2024 ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 18 அன்று, மேஸ் காலமான செய்தி வந்தபோது இதே திடலில் பாரன்ஸும் மான்ட்கோமரியும் ஆடிக்கொண்டிருந்தன.

இடையில் ஒன்று. கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் இங்கே பேஸ்பால் ஆடினார் என்று அடிக்கடி படிக்கிறோம். அவர் பாரன்ஸில் இருந்தது 1994-இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அணி புறநகரான ஹூவருக்குப் போய்விட்டது. ரிக்வுட்டுக்கு அவருடைய பெயர் தேவையும் இல்லை.

1987-இல் சதர்ன் லீக் பட்டத்தை வென்ற கையோடு அணி கிளம்பியது. ஆள் குடியிருக்காத வீடு எப்படி விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 1992-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஃபிரெண்ட்ஸ் ஆஃப் ரிக்வுட் அமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு திடல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. 1996 முதல் பாரன்ஸ் அணி பழங்காலச் சீருடையில் வந்து ஆடும் ரிக்வுட் கிளாசிக் ஆட்டத்தை நடத்தினார்கள். பதிவேட்டில் ஏறியதைவிட இந்த ஆட்டம்தான் கட்டடத்தைக் காத்தது என்பது எங்கள் கருத்து. கூட்டம் வரும் என்றால் கழிவறை ஓடவேண்டும், படிக்கட்டு தாங்கவேண்டும், மின்கம்பி பாதுகாப்பாக இருக்கவேண்டும். அப்படி ஒரு நாள் குறித்துவிட்டால் பழுதைத் தள்ளிப்போட முடியாது.

அந்தப் பழுது வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். பார்வையாளர் மாடத்தின் இரும்புத் தூண்களில் மேல்பகுதி நூறு ஆண்டு கழித்தும் நன்றாகவே இருக்கும். கெடுவது அடி. கூரைத் தண்ணீரும் கழுவிவிட்ட தண்ணீரும் தூண் கான்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தில் தேங்கும். இரும்பு துருவானால் பழைய அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருக்கும், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும், பிளவில் இன்னும் தண்ணீர் இறங்கும். பார்வைக்கு மெல்லிய விரிசல்தான். அதன்மேல் சிமென்ட் பூசி பெயிண்ட் அடித்தால் இரண்டு மழைக்காலம் அழகாக இருக்கும், உள்ளே தூண் கரைந்துகொண்டே போகும்.

சரியான வேலைக்கு முதலில் மேல்பாரத்தை ஜாக்கியில் ஏற்ற வேண்டும். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கினால் மேலே உள்ள ரிவெட் இணைப்புகள் இளகும். பிறகு கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைச் சுத்த உலோகம் தெரியும்வரை நீக்கி, அல்ட்ராசோனிக் கருவியால் மிச்சமுள்ள தடிமனை அளக்க வேண்டும். அந்தக் காலத்து இரும்புக்கு ஈயம் கலந்த செந்நிறப் பிரைமர்தான் வழக்கம் என்பதால் சுரண்டும் தூள் நஞ்சு. சுற்றிலும் திரை கட்டி, தூளைச் சேகரித்து, முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். பாதிச் செலவு இதிலேயே போய்விடும் என்பதால்தான் பல ஊர்களில் இந்த வேலையைத் தொடவே பயப்படுகிறார்கள். தடிமன் போன இடத்தில் புதுத் தகடு ஒட்ட வெல்டிங்தான் முதலில் தோன்றும். 1910 வாக்கிலான எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் கூடுதலாக இருக்கலாம், வெல்டிங் சூடு ஆறும்போது விரிசல் விடும். ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பிய பிறகே முடிவு. சந்தேகம் என்றால் போல்ட் போடுவதே மேல். கடைசியில் துத்தநாகப் பிரைமர், எபாக்ஸி, அதன்மேல் வெயில் தாங்கும் பாலியூரிதேன் என்று மூன்று பூச்சு. தூணைச் சுற்றி வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்காவிட்டால் இத்தனையும் வீண்.

படிகளின் கான்கிரீட்டிலும் இதே கதைதான். பெயர்ந்த இடத்தை மட்டும் அடைத்தால் கம்பியின் பின்பக்கத் துரு அப்படியே இருக்கும். கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலமாவது கொத்தி, ஓரங்களை ரம்பத்தால் செங்குத்தாக வெட்டி, அதன் பிறகே ஒட்டுக் கலவை. ஓரம் மெலிந்து முடியும் ஒட்டு எங்கேயும் நின்றதாக நாங்கள் பார்த்ததில்லை.

1936-இல் நட்ட விளக்குக் கோபுரங்கள் கூரைக்கு மேல் எழுந்து ஆடுதளத்தின் பக்கம் முன்னே நீண்டு நிற்பவை. திடலின் உருவமே அவற்றில்தான் இருக்கிறது. அவற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பதற்கு நன்றி. கையால் எண் மாற்றும் ஸ்கோர் பலகையும் பழங்கால விளம்பர ஓவியங்களும் 1990-களில் பழைய ஆட்டக்காரர் டை காப் பற்றிய படம் எடுக்க வந்தவர்களால் வந்தவை. அசல் அல்ல. ஆனாலும் திடலுக்குப் பொருந்திவிட்டன. எது 1910, எது 1928, எது சினிமா என்று பிரித்துச் சொல்லிவிட்டால் போதும்.

அடுத்து மண் வேலைக்காரர்களுக்கு. 2024 ஆட்டத்துக்காகப் பழைய ஆடுதளத்தை அகற்றி, புது வடிகாலோடு புதிய தளம் போட்டார்கள், ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்களைப் பெரிதாக்கினார்கள், மதிலுக்குப் பஞ்சணை கட்டினார்கள், வலை போட்டார்கள். பர்மிங்காமில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே வடிகால் இல்லாத தளத்தில் பெரிய ஆட்டம் நடத்துவது சூதாட்டம்.

மேஜர் லீக் தரத்துத் தளம் என்றால் பொதுவாக அடியில் துளையிட்ட குழாய்கள் 15 முதல் 20 அடி இடைவெளியில் ஓடும். அதன்மேல் நான்கு அங்குலம் சிறுஜல்லி, அதன்மேல் சுமார் ஒரு அடி மணல் கலவை. இந்த ஒரு அடிக்குக் காரணம் உண்டு. மணலின் அடிப்பகுதி முழுக்க நனையும்வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. மணல் ஆறு அங்குலம்தான் என்றால் அந்த ஈரம் புல் வேரிலேயே நின்று தளம் சொதசொதக்கும். ஒன்றரை அடி என்றால் மேல்பக்கம் காய்ந்து புல் வாடும். குழாயைத் துணியில் சுற்றிப் புதைப்பது இன்னொரு பழக்கம். நுண்மண் துணியை அடைத்துவிடும், சுற்றாமல் ஜல்லிக்குள் வைப்பதே நல்லது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் களிமண்ணில் வளர்ந்த புல்பத்தையை மேலே விரித்தால் முழுச் செலவும் போச்சு. அந்த ஓர் அங்குலக் களிமண் மூடிபோல அடைத்துக்கொள்ளும். மணலில் வளர்ந்த பத்தையைத் தேடி வாங்க வேண்டும்.

பந்தெறியும் மேட்டுக்கு ஒரு சிக்கல் கூடுதல். இன்றைய விதிப்படி அதன் உயரம் 10 அங்குலம். எறிபவரின் ரப்பர் பட்டைக்கு ஆறு அங்குலம் முன்னால் சரிவு தொடங்கி, அடிக்கு ஓர் அங்குலம் இறங்க வேண்டும். பட்டையிலிருந்து, மட்டையாளர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டின் பின்முனைக்கு 60 அடி 6 அங்குலம். 1969-க்கு முன்பு 15 அங்குலம் வரை அனுமதி இருந்தது, அதனால் சாட்செல் பெய்ஜ் நின்ற உயரத்தை அப்படியே திரும்பக் கட்ட முடியாது. களிமண்ணை ஓர் அங்குலம் ஓர் அங்குலமாகப் போட்டு, ஈரம் பதமாக இருக்கும்போதே திமிசு போட்டு, அடுத்த அடுக்குக்கு முன் மேற்பரப்பைக் கீறிவிட வேண்டும். கீறாமல் அடுக்கினால் எறிபவரின் கால் ஊன்றும் இடத்தில் தகடு தகடாகப் பெயரும். ரோலர் போட்டு ஒரே நாளில் முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் மூன்றாவது இன்னிங்ஸில் பள்ளம் பார்ப்பார்கள்.

ஆட்டம் முடிந்து தொலைக்காட்சி வண்டிகள் போன பிறகும் வேலைக்கு வருகிறீர்கள் பாருங்கள், உங்களுக்குத்தான் கடைசி நன்றி. மண்ணும் புல்லும் சேரும் ஓரத்தில் ஒவ்வோர் ஆட்டத்திலும் மண் தெறித்துப் புல்லுக்குள் ஒதுங்கும். விட்டுவைத்தால் ஒரு பருவத்தில் வரப்பாகும். உருண்டு வரும் பந்து அதில் பட்டு ஆட்டக்காரர் முகத்துக்கு எழும்பும், மழைத்தண்ணீரும் புல்லுக்குப் போகாமல் மண்பரப்பில் தேங்கும். இழுவை வலையைப் புல்லுக்கு ஓர் அடி முன்பே நிறுத்துவதும், வாரம் ஒருமுறை ஓரத்தைத் துடைப்பத்தாலோ தண்ணீர்ப் பீய்ச்சியாலோ மண்பக்கம் தள்ளுவதும்தான் மருந்து. ஈரம் போதுமா என்று பார்க்கக் கார் சாவியைக் குத்திப் பார்ப்பது உங்கள் தொழிலில் பழைய வழக்கம். தடையில்லாமல் இறங்கி, மண் ஒட்டாமல் வெளியே வந்தால் பதம் சரி.

பெர்முடா புல் குளிரில் பழுத்துத் தூங்கும்போது மேலே விதைத்த ரை புல் வசந்தத்தில் போக மறுக்கும். அதை உரிய நேரத்தில் ஒட்ட வெட்டிப் பெர்முடாவுக்கு வெயில் விடுங்கள். வடிகால் குழாய்களின் சுத்தம் செய்யும் வாய்கள் எங்கே இருக்கின்றன என்று அளவோடு ஒரு வரைபடம் போட்டு அலுவலகத்திலும் கிடங்கிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். போட்டவர் ஓய்வுபெற்றுப் போனபின் அதைத் தேடி ஆடுதளத்தைத் தோண்டிய திடல்கள் எங்களுக்குத் தெரியும்.

நன்றியுடன்,
பழைய திடல்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் சிலர்