அண்ணி இடுப்பில் இருந்த பொருக்கு

ஒடுகத்தூர்
தை 6

அன்புள்ள சாந்திக்கு,

நல்லா இருக்கியா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? உன் தீபாவளிக் கடிதத்துக்குப் பதில் போடலைன்னு நீ திட்டறது இங்கேயே கேட்குது. திட்டிக்கோ, ஆனா முழுசும் படிச்சிட்டுத் திட்டு. போன்ல சொல்ல வந்தா அழுதுடுவேன், அதான் எழுதறேன்.

மார்கழி பூரா எனக்கு ஆஸ்பத்திரி வாசல்லயே போச்சுடி. எங்க அண்ணி செத்துப் பொழைச்சிருக்காங்க.

மாட்டுக்குப் புல் அறுக்க அவங்க தினமும் ஏரிக்கரைக்குப் போவாங்களே, கார்த்திகை கடைசியில காய்ச்சல் வந்திச்சு. தலையைப் பிளக்கற வலி. கிளினிக்குல வைரல்னு ஊசி போட்டாங்க. மூணாம் நாள் ரத்தம் எடுத்துட்டு டைபாய்டுன்னாங்க. அஞ்சு நாள் மாத்திரை, ஜுரம் அசையலை. எட்டாம் நாள் சாயந்திரம் "மூச்சு வாங்குது"ன்னு அண்ணி சொன்னதுக்கு, "சளிதான், பயந்துட்டாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. பயப்படற ஆளாடி அவங்க? கிணத்துல பாம்பு விழுந்தப்ப யார் இறங்கினதுன்னு உனக்கா சொல்லணும்!

அன்னிக்கு ராத்திரி 108-ல ஏத்தினோம். வண்டியில இருந்த பொண்ணு வாட்சைப் பார்த்துக்கிட்டே ஒரு நிமிஷம் அண்ணி நெஞ்சையே பார்த்தா. 36. சும்மா படுத்திருக்கிற பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12-லேர்ந்து 20 மூச்சுதானாம். 25 தாண்டினாலே ஆபத்தாம். வீட்டுக்கு வந்து அந்த எட்டு நாள் சீட்டையும் பரப்பி வெச்சுப் பார்த்தேன். ஜுரம், பிரஷர், சர்க்கரை எல்லாம் எழுதியிருக்கு. மூச்சு எத்தனைன்னு ஒரு சீட்டுல கூட இல்லை. அதுக்கு மிஷினும் வேண்டாம், காசும் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எங்க அண்ணிக்குக் கிடைக்கலை.

வேலூர்ல ராத்திரி டூட்டி டாக்டரம்மா, சின்னப் பொண்ணு, திரையை இழுத்துவிட்டுப் பாவாடை நாடாவைத் தளர்த்தச் சொன்னாங்க. நாடா கட்டற இடத்துல, வலது பக்கம், சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. சுத்தி சிவப்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லையாம். நாடா இறுக்கினதுல வந்ததுன்னு அண்ணி விட்டுட்டாங்க. இங்க கிளினிக்குல நடுவுல ஒரு மேஜை, எதிர்ல ஆம்பள டாக்டர், வெளியே நாப்பது பேர். இவங்களும் காட்ட மாட்டாங்க, அவரும் கேட்க மாட்டாரு. அந்த டாக்டரைக் கெட்டவர்னு நினைக்க எனக்கு மனசு வரலை. ஆனா கோபம் இருக்கு, அதை மறைக்கவும் முடியலை.

உண்ணிக் காய்ச்சலாம். மாட்டு உண்ணி இல்லைடி, புதர்ல இருக்கிற, கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு. அது கடிக்கறப்ப கிருமி உள்ளே போய், பத்து நாள் வாக்குல ஜுரம் வரும். மழை விட்டுப் பனி இறங்கற இந்த மாசங்கள்ல நம்ம பக்கம் அதிகம். கடிச்ச இடத்துல எல்லாருக்கும் பொருக்கு வராது. வந்தாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியிலன்னு மறைவா இருக்கும். டைபாய்டுக்குக் கொடுத்த செஃபிக்சிம் இந்தக் கிருமிகிட்ட எடுபடாது. மூணாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்த அந்த வைடால் டெஸ்ட்டும் எப்பவோ வந்துபோன டைபாய்டுக்குக் கூட பாசிட்டிவ் காட்டுமாம். டாக்சிசைக்ளின்தான் மருந்து, ஒரு மாத்திரை சில ரூபாதான். நேரத்துல கொடுத்தா ரெண்டு நாள்ல ஜுரம் இறங்கிடும். தாமதமானா நுரையீரல், கிட்னி, மூளைன்னு பிடிச்சுக்கும். முத்தினவங்களுக்கு அதோட அசித்ரோமைசினும் சேர்த்து நரம்புல ஏத்தறது நல்லதுன்னு, நம்ம வேலூர் சி.எம்.சி. டாக்டருங்க முன்னின்னு நடத்தின ஆய்வு 2023-ல வந்திருக்காம். அண்ணிக்கும் ரெண்டும்தான் ஏத்தினாங்க. ஆறு நாள் வென்டிலேட்டர். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து ஜாடையிலயே மாட்டைக் கேட்டாங்க.

இப்பதான் விஷயத்துக்கு வரேன், சாந்தி.

உன் தம்பி கல்யாணத்தன்னிக்கு மாடி ரூம்ல மூணு பேரும் புடவை மாத்தினோமே. கலா கையைத் தூக்கி, "இது என்னன்னு பாருங்கடி"ன்னு அக்குளைக் காட்டினாளே. கறுப்பா, வட்டமா. "அயர்ன் பாக்ஸை அங்கயா வெச்சுத் தேச்சே?"ன்னு நீ கேட்டே. நான் சிரிச்ச சிரிப்புல கொசுவம் அவுந்துபோச்சு. உடம்பு கணகணன்னு இருக்குன்னும் சொன்னா. அலைச்சல்தான், மாத்திரை போட்டுக்கோன்னு சொன்னது நான். பதிமூணாம் நாள் அவ இல்லை. மூளைக் காய்ச்சல்னாங்க, நாமளும் அழுதுட்டு வந்துட்டோம்.

அது இதுதான்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனா டாக்டரம்மா அந்தப் பொருக்கைத் தொட்டுக் காட்டினப்ப எனக்குக் கலாவோட கைதான் தெரிஞ்சது. அன்னியிலேர்ந்து தூக்கம் இல்லை. உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவேன்?

உங்க அம்மா அணைக்கட்டு ஊர்ல இன்னும் வரப்புல உட்கார்ந்து புல் அறுக்கறாங்க இல்லே? இன்னிக்கே போன் பண்ணு. வந்ததும் குளிக்கச் சொல்லு, கட்டின துணியைத் துவைக்கச் சொல்லு. ஜுரம்னு ஒரு வார்த்தை சொன்னா நீயே பஸ் ஏறி வந்து தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாரு. வெட்கப்பட்டா என்னைத் திட்டச் சொல்லு.

கலா பொண்ணு இப்ப ப்ளஸ் டூ. பொங்கலுக்கு வந்திருந்தா, அவ அம்மா மாதிரியே முன்பல் தெரியச் சிரிக்கறா. அவகிட்ட இதைச் சொல்லணுமா, வேண்டாமா? எனக்குத் தெரியலைடி. யோசிச்சு எழுது. போன் பண்ணாதே, எழுது.

உன்
குமுதா