புகழ்க்கூடம் அமையக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

கோவை வேளாண் கல்லூரியில் படித்தவர்களும் பாடம் நடத்தியவர்களுமாகப் பெயர் எடுத்தவர்களுக்கு நம் சங்கக் கட்டட மாடியில் ஒரு புகழ்க்கூடம் ஒருவழியாகத் திறந்தாயிற்று. விழாவில் மேடையேற்றித் துண்டு போர்த்தியவர்களை விட, மேடைப்பக்கமே வராதவர்கள் செய்த வேலைதான் அதிகம். அதனால்தான் இந்த மடல்.

எம்.எஸ். சுவாமிநாதன் படத்துக்கு அலையவே இல்லை. வங்கப் பஞ்சம் மனத்தை உலுக்க, விலங்கியல் படித்து முடித்த கையோடு வேளாண்மை படிக்க இங்கே வந்தவர். உலக உணவுப் பரிசை 1987இல் முதன்முதலாக வாங்கியவர். மறைவுக்குப் பின் 2024இல் பாரத ரத்னா. கேட்ட இடத்திலெல்லாம் படம் கிடைத்தது.

திணற வைத்தது கே. ராமையாவுக்கான பலகை. கட்டக்கில் 1946இல் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். அதற்கு முன் நம் ஊர் நெல் வயலிலேயே கிடந்தவர். இன்றைய மாணவர்களில் பலருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. இந்தப் பலகையை எழுதித் தந்த ஓய்வுபெற்ற நெல் பேராசிரியருக்கு முதல் நன்றி. ஐயா, நீங்கள் மட்டும் இல்லையென்றால் பிறந்த ஆண்டு, வாங்கிய பட்டம் என்று இரண்டு வரியோடு விட்டிருப்போம். கோவையில் 1921இல் வெளியான நெல் ரகம் ஜி.இ.பி. 24, அதாவது கிச்சிலிச் சம்பா. அதன் வழியில் பிறந்த டி.கே.எம். 6, அது ஒரு பெற்றோராக அமைந்து வந்த ஐ.ஆர். 20 என்று அந்தக் கால நெல் வேலைக்கே ஒரு வம்சாவளி போட்டுத் தந்தீர்கள். திறப்பு விழாவுக்கு வந்த கோபிப் பக்கத்து விவசாயிகள் அதிக நேரம் நின்றது அந்தப் பலகை முன்னால்தான்.

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளைச் சேர்ப்பதா என்று செயற்குழுவில் ஒரு மாலை முழுக்கச் சண்டை. அவர் 1930களில் வேலை பார்த்தது பக்கத்துக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில். பெரிய விஞ்ஞானிதான், ஆனால் நம் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை என்ற கட்சியில் நானும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். சரி, படிக்கட்டருகே ‘அண்டை வீட்டார்’ என்று தனிப்பலகை வைக்கலாம் என வழி சொன்ன பொருளாளருக்கு நன்றி. அன்றைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே அவரால்தான்.

அப்புறம், வேடபட்டிப் பெரியவர். பண்ணை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய குழுப்படத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்களின் பெயரை மட்டும்தான் நாங்கள் கேட்டோம். அவர் பின்வரிசையில் விரலை வைத்து, "இவரு மேஸ்திரிங்க. இந்தம்மா ஒட்டுக் கட்டறவங்க. இவங்க பேரையும் போட்டுருங்க சாமி" என்றார். ஒட்டுக் கட்டுவது என்றால் இரண்டு நெல் ரகங்களைக் கலப்பது; அதற்காக நெல் பூவைக் கீறி, மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை அது. கை நடுங்கினால் அந்தக் கலப்பே வீண். புதிய ரகம் என்று வெளியே தெரிவது விஞ்ஞானி பெயர்தான். அந்தப் படத்தின் கீழ் இப்போது எல்லோர் பெயரும் இருக்கிறது. கூடத்திலேயே எனக்குப் பிடித்த மூலை அது.

ஆல்பத்திலிருந்து படங்களைப் பிரித்துக் கொடுக்க மனம் வராமல், ஆல்பத்தையே நம்பிக் கொடுத்தனுப்பிய வடவள்ளி அம்மாவுக்கும், சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூலியில் பாதியைத் திருப்பித் தந்த ராஜ வீதிக் கடைக்காரருக்கும், தூசி தட்டி ஸ்கேன் செய்த இளநிலை மாணவர்களுக்கும், கணக்குப் பார்க்காமல் டீ அனுப்பிய லாலி ரோடு அண்ணனுக்கும் சங்கத்தின் நன்றி.

மூலப் படங்களைத் தந்தவர்கள் பொங்கலுக்குள் அலுவலகம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். சில உறைகளில் யாருடையது என்று எழுதவில்லை, பார்த்து அடையாளம் சொல்ல வேண்டியிருக்கும். வடவள்ளி அம்மா, நீங்கள் அலைய வேண்டாம். ஆல்பத்தை நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
செயலாளர், முன்னாள் மாணவர் சங்கம்