பார்த்தாலே புரியுமாம்!

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இணைய இதழில் சென்ற வாரம் வந்த தூக்கம் பற்றிய கட்டுரையை, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் உதவியுடன் ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "எந்த வயதினர் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பது கீழே உள்ள படத்தைப் பார்த்தாலே புரியும்" என்று ஒரு வரி. அடுத்து என் கணினி சொன்னது: "ஐ எம் ஜி அடிக்கோடு 4471 டாட் ஜேபிஜி." நான் பிறவியிலேயே பார்வையற்றவன். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

பிறகு மகனிடம் கேட்டேன். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரமாம். இந்த ஒரு வரியை எழுதவா ஆள் இல்லை?

இது புதிதல்ல. போன வருடச் சிறுகதைப் போட்டி அறிவிப்பை முழுக்க முழுக்கப் படமாகவே போட்டீர்கள். கடைசித் தேதி முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அப்படி ஒரு போட்டி இருந்ததே எனக்குத் தெரியவந்தது. சந்தா பக்கத்தில் இருப்பவையும் பட பட்டன்கள்தான். "பட்டன், பட்டன், பட்டன்" என்றது ஸ்கிரீன் ரீடர். குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தியதில் ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று வருடச் சந்தா கட்டிவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருப்பதால்தான் இந்தக் கடிதமும்.

அப்போதே புகார் எழுதினேன். பலன் கிடைக்காமல் இல்லை! படத்தில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதற்காகப் படத்தோடு சேர்த்து எழுதும் வரிக்கு மாற்று உரை என்று பெயர். எல்லாப் படத்துக்கும் மாற்று உரையாகப் "படம்" என்றே போட்டார்கள். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். ஆகவே "படம் படம்" என்று கேட்டேன். பத்திகளுக்கு நடுவே வரும் அலங்காரக் கோட்டுக்கு மட்டும் "அழகிய பூங்கொடி" என்று வர்ணனை. ஒரே கட்டுரையில் பதினோரு பூங்கொடி! அலங்காரத்துக்கு மாற்று உரையைக் காலியாக விட்டால் ஸ்கிரீன் ரீடர் பேசாமல் தாண்டிவிடும். மாற்று உரைக்கான இடத்தையே வைக்காமல் விட்டால்தான் கோப்பின் பெயரை ஒப்பிக்கும். இரண்டும் ஒன்றல்ல என்பது தங்களுக்குத் தெரியாததா?

1997-இல் வந்த, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் 4, படத்துக்கு மாற்று உரை கட்டாயம் என்றது. 1999-இல் வெளியான, மாற்றுத்திறனாளிகளுக்கான இணைய அணுகல் வழிகாட்டுதல்களில் முதல் விதியே இதுதான். 2008-இல் அவற்றைத் திருத்தி எழுதியபோதும் இதை முதலிடத்தில், அடிப்படை நிலையான 'ஏ'யில் வைத்தார்கள். இதெல்லாம் தாங்கள் அறிந்ததே; நான் சொல்லித்தர வரவில்லை.

படத்தில் இருப்பதை இயந்திரமே விவரித்துவிடுமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். நான் மிகவும் நேசித்த எழுத்தாளர் ஒருவரின் அஞ்சலிக் கட்டுரையில் அந்த இயந்திரம் சொன்னது: "ஒரு நபர், தாடி, இருக்கலாம்." அவருடைய எந்த வயதுப் படம், மேடையிலா வீட்டிலா, சிரிக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல, படத்தைத் தேர்ந்தெடுத்தவரால்தான் முடியும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்தத் தூக்கப் படத்தில் உள்ள வயதுகளையும் மணிக்கணக்கையும் கட்டுரையிலேயே எழுத்தாகச் சேர்த்துவிடுங்கள். சந்தா பட்டன்கள் மூன்றுக்கும் பெயர் வையுங்கள். இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால், தயவுசெய்து படமாக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்று வருடச் சந்தாதாரர்