வங்கியால் அனுப்பு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல். நேற்றுப் பின்னேரம் ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து, படலையடியில் நின்றபடியே பணத்தை எண்ணித் தந்துவிட்டுப் போனான். தொகை சரி. அம்மா வாங்கிச் சாமித்தட்டில் வைத்தா. வங்கிக்கு வராமல் ஏன் கையில் வந்தது என்று அவவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எண்ணெய் விலை உலகத்தில் இறங்கினாலும் இலங்கையில் ஏன் அவ்வளவு இறங்குவதில்லை என்று போனமுறை கேட்டாய். நான் பதில் சொல்லுமுன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டில் ஒரு சொட்டு எண்ணெயும் எடுப்பதில்லை. மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டார்கள், அதுவும் இன்னும் கடலுக்கடியில்தான். சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல் தொடங்கியது. நாளுக்கு 50,000 பீப்பாய் காய்ச்சும், ஆனால் ஈரானின் இலேசான மசகு எண்ணெய்க்கென்று, அதாவது காய்ச்சாத கச்சா எண்ணெய்க்கென்று, கட்டியது. 2012இல் அமெரிக்கத் தடையால் அந்த எண்ணெய் வராமற் போக, வேறு எண்ணெய் தேடி அலைய வேண்டிவந்தது. அங்கே காய்ச்சுவது நாட்டுக்குப் போதாது. மீதியைக் காய்ச்சிய பெற்றோலாகவும் டீசலாகவும் சிங்கப்பூர்ச் சந்தை விலையில் வாங்குகிறோம். அந்த விலையோடு கப்பல் கூலி, விற்பவன் கேட்கும் மேலதிகத் தொகை, அதற்குப் பிறகு வரிகள். 2024 தையிலிருந்து 18 வீத வற் வரியும் சேர்ந்தது. அதனால் மசகு எண்ணெய் பத்து வீதம் இறங்கினால் பெற்றோல் செற்றில் பத்து வீதம் இறங்காது.

இதையெல்லாம் விடப் பெரியது டொலரின் விலை. ஒரு லீற்றர் கொழும்பில் வந்திறங்க ஒரு டொலர் என்று வைத்துக்கொள். 2022 மார்ச் தொடக்கத்தில் அது 200 ரூபா. மே மாதம் 360. சிங்கப்பூரில் ஒரு சதம் ஏறாமலே இங்கே 160 ரூபா ஏறிவிட்டது.

டொலர் இல்லாவிட்டால் விலை ஏறுவதோடு முடியாது, பொருளே வராது. இறக்குமதிக்காரன் கேட்க இங்குள்ள வங்கி எல்.சி. திறக்கும், அதாவது விற்பவனுக்குக் காசு வரும் என்று எழுத்தில் வாக்குக் கொடுக்கும். விற்பவன் எங்கள் வங்கியின் வாக்கை மட்டும் நம்பமாட்டான், வெளிநாட்டு வங்கி ஒன்று அதை உறுதிப்படுத்த வேண்டும். நாட்டின் கடன் தரம் விழுந்ததும் உறுதிப்படுத்த ஆளில்லை. முதலில் காசு, பிறகு எண்ணெய் என்பார்கள். அப்படித்தான் 2022 மார்ச் 28இலிருந்து ஒரு பெற்றோல் கப்பல் கொழும்புக் கடலில் நின்றது. அதை அனுப்பியவனுக்குத் தைமாதம் வந்த கப்பலுக்கே 53 மில்லியன் டொலர் பாக்கி. நிற்கிற ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் வேறு. யூன் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபா. அத்தியாவசிய சேவை தவிர மற்றவர்களுக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். திருகோணமலையில் வெள்ளைக்காரன் கட்டிய 99 தாங்கிகள் இருக்கின்றன. தாங்கி இருந்து என்ன, நிரப்ப டொலர் வேண்டுமே.

தோட்டக்காரருக்கு அடி விழுந்தது மண்ணெண்ணெயில். அந்த ஆவணியில் 87 ரூபாவிலிருந்து 340. ஐந்து லீற்றரில் முடிகிற ஒரு இறைப்பு 435இலிருந்து 1,700 ஆனது. உனக்குத் தெரியும், தண்ணி இறைக்கிற மிசினைப் பெற்றோலில்தான் தொடங்க வேண்டும், சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். பெற்றோல் மிச்சம் பிடிக்க முந்தி மாற்றினால் எரியாத எண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், பிளக் கரிபிடிக்கும். நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரைக் கழுவாவிட்டால் விடிய இழுத்தாலும் தொடங்காது. அந்த ஒரு போத்தல் பெற்றோலும் செற்றில் தரவில்லை. ஊரில் எத்தனை மிசின் அப்படிப் பழுதானது. கின்னியாமாமாவின் மிசின் இன்னும் கொட்டிலில் கிடக்கிறது.

வங்கியால் அனுப்பு தம்பி. உண்டியலில், அதுதான் வங்கிக்கு வெளியே ஆள்வழி அனுப்புகிற முறையில், நீ கொடுக்கிற டொலர் இந்த நாட்டுக்கு வருவதே இல்லை. அது அங்கேயே நிற்கும், இங்கே ஆரோ ஒருவரின் ரூபா எங்கள் கைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வங்கியால் அனுப்பியது 2020இல் 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5. 2022இல் 3.8. எல்லாம் உண்டியலால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சுற்றுலாக்காரர் வரவில்லை, கடன் தவணைகள் கழுத்தை நெரித்தன, ரூபாவை 200இல் வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்தார்கள். ஆனாலும் அப்படிக் குறைந்துபோன தொகையில் எத்தனை கப்பல் இருந்தது என்று கணக்குப் பார்.

2022 தைப்பொங்கலுக்கு, "வங்கியால் அனுப்பாதே, உண்டியலில் டொலருக்கு நாற்பது ரூபா கூட" என்று உனக்குச் சொன்னது நான்தான். முப்பத்தொரு வருஷம் எல்.சி. மேசையில் இருந்தவன். அந்த நாற்பது ரூபா எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே சொன்னேன். நீ ஒரு தரம் தயங்கினாய், "அப்பா, சரியோ?" என்று கேட்டாய். நான் அதட்டினேன். பிறகு செற்றில் இரவிரவாக வரிசையில் நின்றபோது அரசாங்கத்தை வாய் நிறையத் திட்டினேன், இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

இப்போது வங்கிக்கும் உண்டியலுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே நீ லாபத்துக்காக அப்படி அனுப்பவில்லை. வேறு ஏதோ. கணக்கை முடக்கிவிட்டார்களோ, வேலையில் சம்பளத்தைக் கையில் தருகிறார்களோ, கடன்பட்டு அனுப்புகிறாயோ. கேட்கமாட்டேன். கடன்பட்டு மட்டும் அனுப்பாதே. வெங்காயம் வித்த காசு இருக்கிறது, என் பென்சனும் வருகிறது. ஒரு வருஷம் அனுப்பாவிட்டாலும் இங்கே ஒன்றும் குறையாது.

அனுப்புவதானால் வங்கியால் அனுப்பு. கணக்கு இலக்கம் பழையதுதான். பெயரைப் புத்தகத்தில் உள்ளபடி முதலெழுத்துகளோடு எழுது, போனமுறை ஓரெழுத்துப் பிழைத்துப் பணம் திரும்பிப் போனது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலால் ஒன்பது மணிக்கு வந்துவிடுவா.

அன்புடன்
அப்பா